வாசகர் கேள்வி பதில்: சாவியைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள்

போன இதழில் வலிப்பு நோயைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கே மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்தும் அந்தப் பக்கம் கேரளத்திலிருந்தும் இத்தனை கடிதங்கள். அதனால் இந்த இதழில் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயரைப் போடாதீர்கள் என்று அநேகமாக எல்லோருமே கேட்டிருக்கிறார்கள், ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கம்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: நாங்கள் ஒரு ஜீப் பெண்கள், விடியுமுன் கிளம்பி கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். போன வாரம் மேடு ஏறும்போது என் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒரு மாதிரி கத்திவிட்டு விறைத்துப் போனது, அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. டிரைவர் தம்பி சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒரு அக்கா கரண்டியை வாய்க்குள் கொடுத்தார். நான் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, ஆனால் உதடு கிழிந்து முன்பல் ஒன்று ஆடுகிறது. நாங்கள் செய்தது சரிதானா டாக்டர்?

பதில்: யாரும் அந்தப் பிள்ளையை விட்டு விலகி ஓடவில்லையே, முதலில் அதற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் சாவி, கரண்டி, காலை அமுக்கியது, மூன்றுமே வேண்டாம் அம்மா. பல் ஆடுவது அநேகமாகக் கரண்டியால்தான் இருக்கும்.

சாவியில் ஏன் இத்தனை பேருக்கு நம்பிக்கை என்றால், பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி, இறுகிய விரல்களைப் பிரித்து, உள்ளே வைத்து அழுத்துவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடுகிறது, நல்ல பேர் இரும்புக்குப் போய்விடுகிறது. மூளையில் நடப்பது வேறு. மூளைச் செல்கள் மெல்லிய மின்சாரத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. காய் ஏலத்தில் ஒவ்வொருவராக விலை கேட்கிற வரைக்கும் ஏலம் நடக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கு எது போனது என்றே தெரியாது அல்லவா, அப்படி அந்தச் செல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியிட்டால் வருவதுதான் வலிப்பு. கையில் வைக்கும் இரும்பு அங்கே போய் ஒன்றும் செய்யாது. செருப்பை மோக்க வைப்பது, வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடிப்பது, முகத்தில் சோடா அடிப்பது, இவையும் அப்படித்தான்.

கரண்டிக்கு வருவோம். நாக்கு தொண்டைக்குள் போய்விடும், விழுங்கிவிடுவார்கள் என்று பயந்துதான் வாயில் எதையாவது வைக்கிறோம். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. நாக்கு கடிபடுவது தாடை இறுகும் முதல் நொடியிலேயே நடந்து முடிந்துவிடும், நீங்கள் கரண்டியை எடுக்கும்போது தடுப்பதற்கு அங்கே எதுவும் பாக்கி இருக்காது. கடிபட்ட நாக்கு சில நாளில் ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. விரலை வைத்தால் உங்கள் விரல் போகும். அமுக்கிப் பிடிப்பதும் வேண்டாம், அந்த நேரத்தில் தசை இழுக்கிற இழுப்பில் நீங்கள் எதிர்ப்பக்கம் இழுத்தால் தோள்பட்டை நழுவும், எலும்புகூட முறியும்.

சரி, என்னதான் செய்வது? உங்கள் ஜீப்பையே வைத்துச் சொல்கிறேன். டிரைவர் தம்பி கொண்டை ஊசி வளைவிலேயே பிரேக் போடாமல் கொஞ்சம் தள்ளி அகலமான இடத்தில் ஓரம் கட்டட்டும். ஒருவர் உடனே போனில் மணியைப் பார்க்க வேண்டும், அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, ஏனென்றால் பயத்தில் ஒரு நிமிடம்கூடப் பத்து நிமிடம் மாதிரித் தெரியும். இன்னொருவர் பக்கத்தில் இருக்கும் தூக்குவாளி, கத்தி, கம்பி எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். தலை வண்டியின் இரும்பில் மோதாமல் அடியில் ஒரு துண்டையோ மடித்த சாக்கையோ வைத்தால் போதும். சேலைக்கு மேல் சட்டை போட்டிருப்பீர்கள், கழுத்துப் பொத்தானைக் கழற்றி, தலையில் கட்டிய துணி தாடைக்குக் கீழே இறுக்கினால் அவிழ்த்துவிடுங்கள். இழுப்பு தளர ஆரம்பித்ததும், முடிந்தால் அதற்கு முன்பே, மெதுவாக ஒருக்களித்துத் திருப்பி, வாய் கொஞ்சம் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். எச்சிலும் நுரையும் வெளியே வழிந்துவிடும், மூச்சுப் பாதையில் இறங்காது. உதடு நீலம் பாய்வதைப் பார்த்துச் செத்தே போய்விட்டாள் என்று கத்துவார்கள். விறைத்திருக்கும் நேரத்தில் மூச்சு சரியாக ஓடாது, இழுப்பு நின்றதும் குறட்டை மாதிரிச் சத்தத்தோடு மூச்சு திரும்பும், நிறமும் வரும்.

சேலையிலேயே சிறுநீர் போயிருக்கும். அவள் கண் விழிப்பதற்கு முன் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, உங்களையே யார் என்று கேட்பாள், எழுந்து போகப் பார்ப்பாள், பிடித்தால் தள்ளிவிடுவாள். பிடித்து நிறுத்தாதீர்கள், பள்ளத்துப் பக்கம் போகாமல் குறுக்கே நின்று மெதுவாகப் பேசுங்கள். முழுசாகத் தெளிந்து, கேட்டதற்குப் பதில் சொல்கிற வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. அரை மணி, ஒரு மணி நேரம் தூங்கினால் தூங்கட்டும்.

இழுப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ஒரு இழுப்பு நின்று தெளிவு வருவதற்குள் அடுத்தது வந்தாலும், அதுதான் வாழ்க்கையில் முதல் வலிப்பு என்றாலும், வயிற்றில் பிள்ளை இருந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், தலையில் அடிபட்டாலும், நின்ற பிறகு மூச்சு சீராகாவிட்டாலும் 108தான், அங்கே ஐந்து நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. இந்த எண் கேரளத்திலும் ஆந்திராவிலும் அதேதான். போனை எடுப்பவர் மலையாளத்தில் பேசினால் தடுமாற வேண்டாம், அபஸ்மாரம் என்றோ ஃபிட்ஸ் என்றோ சொல்லி, எந்த மேடு, எந்த எஸ்டேட் வாசல், எந்த வளைவு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு இது முதல் தடவை என்றால் பல் டாக்டரோடு நிறுத்திவிடாதீர்கள், பார்த்தவர் ஒருவர் கூடப் போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகர்: என் தம்பிக்கு ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை இழுத்தது. ஸ்கேன் நார்மல், இஇஜியும் நார்மல். அப்படியும் வலிப்பு நோய்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு?

பதில்: நியாயமான கேள்விதான், ஆனால் டாக்டர் உங்களை ஏமாற்றவில்லை. இஇஜி என்பது மூளையின் மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்து கேட்டு எழுதும் கருவி. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924ல் முதன்முதலாக மனிதர்களிடம் அதைப் பதிவு செய்தார். வலிக்காது, உள்ளே கரண்ட் எதுவும் போகாது. ஆனால் அது கேட்பது அந்த அரை மணி நேரத்தை மட்டும். அந்த அரை மணியில் மூளை அமைதியாக இருந்தால் தாளும் அமைதியாகத்தான் இருக்கும். ஸ்கேன் காட்டுவது மூளையின் அமைப்பை. கட்டி, தழும்பு, ரத்தக்கசிவு எதுவும் இல்லாமலும் வலிப்பு வரும், அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

காய்ச்சல், சர்க்கரை இறங்கியது, தலையில் அடி, குடியை நிறுத்தியது என்று உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோய் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. அதைத் தீர்மானிப்பது மெஷின் அல்ல, பக்கத்திலிருந்து பார்த்தவர் சொல்லும் விவரம். நோயாளிக்கு எதுவும் நினைவிருக்காது. எங்களிடம் வரும்போது கூட வருகிறவர், ஐயோ சார், கீழே விழுந்து இழுத்துச்சு சார் என்று மட்டும்தான் சொல்வார். எங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய பத்து நொடி. தலை எந்தப் பக்கம் திரும்பியது, ஒரு கை மட்டும் முதலில் துடித்ததா, வாய் மெல்லுவது போல அசைந்ததா, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, விழும் முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்று சொன்னானா, எவ்வளவு நேரம், எப்போது தெளிந்தான். மூளையின் ஒரு மூலையில் தொடங்கிய வலிப்பா, முழு மூளையிலும் ஒரே நேரத்தில் தொடங்கியதா என்பதை இதிலிருந்துதான் பிரிக்கிறோம். எந்த மாத்திரை என்பதும் அதை வைத்துத்தான்.

அதனால் அடுத்த தடவை வந்தால், ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று பார்த்துக்கொண்ட பிறகு, ஒருவர் போனில் வீடியோ எடுங்கள். முகமும் கைகால்களும் தெரியட்டும். ஒரு நிமிட வீடியோ எனக்குப் பத்து ரிப்போர்ட்டுக்குச் சமம். டாக்டரிடம் காட்டுங்கள், அதோடு சரி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்கூடப் போடாதீர்கள்.

குமுளியிலிருந்து ஒரு தாய்: பதினைந்து வயது மகள். காலையில் எழுந்து டீ கிளாஸைக் கொடுத்தால் கை வெடுக்கென்று உதறிக் கீழே போட்டுவிடுவாள். கவனமில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தேன். போன மாதம் ஊர்த் திருவிழாவுக்கு இரவெல்லாம் கண் விழித்துவிட்டு, மறுநாள் காலை பல் துலக்கும்போது விழுந்து இழுத்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு அம்மா. நீங்கள் இதை எழுதியது எவ்வளவு நல்லது தெரியுமா, ஏனென்றால் இந்தக் காலை நேர உதறலை யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை. அதை ஒரு நோயாகவே வீட்டில் நினைப்பதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு இப்படித்தான் ஆரம்பிக்கும். தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தோளும் கையும் வெட்டென்று உதறும், சீப்பு பறக்கும், கிளாஸ் பறக்கும், நினைவு தவறாது. கண் விழித்த இரவுக்கு மறுநாள் காலை பெரிய வலிப்பாக வந்து நிற்கும். பிள்ளையைத் திட்டியதை நினைத்து வருந்த வேண்டாம், டாக்டரிடம் போகும்போது இந்த உதறலை முதல் வரியாகச் சொல்லுங்கள். கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகள் மற்ற சில வலிப்புக்கு நல்ல மருந்து, ஆனால் இந்த வகையில் உதறலைக் கூட்டிவிடலாம். சொல்லாமல் விட்டால் தவறான மாத்திரை கைக்கு வரும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வால்ப்ரோயேட் என்ற மருந்து இந்த வகைக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பின்னால் கருவுறும்போது அது வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் குறைகளை உண்டாக்கக்கூடியது. பெண் பிள்ளை என்பதால் வேறு மருந்து முதலில் முயலலாமா என்று தயங்காமல் டாக்டரிடமே கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஏற்கனவே வால்ப்ரோயேட் ஆரம்பித்திருந்தால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்.

தூக்கம்தான் இவளுக்குப் பெரிய மருந்து. பரீட்சைக்கு விடிய விடியப் படிப்பது, கல்யாண வீட்டில் கண் விழிப்பது, இதெல்லாம் இவளுக்கு ஆகாது. இந்த வகைக்காரர்களில் சிலருக்கு மினுக்கி மினுக்கி வரும் வெளிச்சமும் ஆகாது. மரங்கள் வரிசையாக நிற்கும் ரோட்டில் பஸ் ஓடும்போது இலைகளுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு முகத்தில் அடிக்குமே, அதில்கூட உதறல் வந்தவர்கள் உண்டு. அப்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டு கண்ணையும் சும்மா மூடிக்கொள்வதைவிட அது பலன் தரும்.

செங்கோட்டையிலிருந்து: இரண்டு வயதுப் பேரனுக்குக் காய்ச்சலில் ஜன்னி கண்டு இழுத்துவிட்டது. காலம் முழுக்க வலிப்பு இருக்குமோ என்று என் மருமகள் அழுதபடியே இருக்கிறாள்.

பதில்: மருமகளைத் தேற்றுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சலோடு வலிப்பு வருவது சாதாரணம், நூறு குழந்தைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வரும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னால் வலிப்பு நோய் வருவதில்லை, படிப்பும் குறையாது. மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடி ஒரு தடவை இழுக்கலாம், அதற்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்ப்பது குழந்தைக்கும் அதேதான். வாயில் காய்ச்சல் சிரப் ஊற்றுவது, ஐஸ் தண்ணீரில் முக்குவது இரண்டும் கூடாது. முதல் தடவை என்றால் நின்றுவிட்டாலும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும், மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்வதற்காக. கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, தெளியாத மயக்கம் இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். சளிக்கென்று கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துப் பிஞ்சுக் குழந்தைக்குத் தேய்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே நல்ல குழந்தைக்கும் வலிப்பை வரவழைக்கும்.

பாலக்காடு சித்தூர்ப் பக்கமிருந்து: எனக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில் மூளையில் பூச்சி என்கிறார்கள், பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு வருவது என்றும் சொல்கிறார்கள். நாங்கள் முட்டைகூடத் தொடாத வீடு. எப்படி வந்தது?

பதில்: கறி சாப்பிட்டவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. மூளையில் பூச்சி வருவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து. புழு இருக்கும் ஒருவரின் மலத்தில் வரும் முட்டை, திறந்தவெளி மண்ணிலும் பாசனத் தண்ணீரிலும் கலந்து, சரியாகக் கழுவாத கீரையிலும் கேரட்டிலும், கழிவறை போய்விட்டுக் கை கழுவாமல் சமைக்கிறவர் விரலிலும் ஏறி நம் வயிற்றுக்கு வருகிறது. அங்கே பொரிந்து வரும் இளம்புழு ரத்தம் வழியாக மூளையில் போய்ச் சிறு கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்குகிறது. பன்றியைப் பார்த்தே இராதவருக்கும் வரலாம், நம் நாட்டில் வலிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆறுதலான செய்தி, இது மருந்தில் சரியாகக்கூடியது, பலருக்குச் சில வருடத்தில் வலிப்பு மாத்திரையையே நிறுத்த முடிகிறது. ஆனால் பூச்சி மாத்திரைதானே என்று நீங்களாகக் கடையில் அல்பெண்டசோல் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மூளைக்குள் பூச்சி சாகும்போது சுற்றிலும் வீங்கும், அதற்கு ஸ்டீராய்டு சேர்த்து டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். பச்சையாகத் தின்னும் காய்களை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

மூணாறிலிருந்து ஒரு ஆசிரியை: மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடத்தின் நடுவில் அடிக்கடி அப்படியே உறைந்துபோய்ப் பார்க்கிறான், கூப்பிட்டால் கேட்காது, சில நொடியில் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறான்.

பதில்: டீச்சர், அவன் பகல் கனவு காணவில்லை. கீழே விழாமல், கை கால் இழுக்காமல், ஐந்து பத்து நொடி நினைவு மட்டும் அறுந்துபோகும் வலிப்பு அது, ஒரு நாளில் பல தடவை வரும். பகல் கனவு என்றால் தோளைத் தொட்டால் கலையும், இது கலையாது. ஒரு வாரம் எத்தனை தடவை, எந்த நேரம் என்று குறித்து, பெற்றோரிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வகுப்பில் வைத்து வேண்டாம். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும்.

களியக்காவிளையிலிருந்து ஒரு தந்தை: மகளுக்கு இருபத்து நான்கு வயது. மாத்திரை சாப்பிடுகிறாள், இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. பாறசாலையில் நல்ல இடம் வந்திருக்கிறது. சொல்லாமல் முடித்துவிடலாம், கல்யாணத்துக்குப் பின் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். சட்டத்திலேயே வலிப்புக்காரருக்குத் திருமணம் செல்லாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பையும் ஒரு தடையாகச் சேர்த்து வைத்திருந்தார்கள், 1999ல் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். உங்கள் மகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

கல்யாணம் செய்தால் வலிப்பு நின்றுவிடும் என்பது பொய், அந்தப் பொய்க்கு எத்தனையோ பெண்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். மறைத்துச் செய்தால் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு தூக்கம் கிடையாது, காலையில் வெறும் வயிறு, ஓமப் புகை, சுற்றிலும் சொந்தக்காரர்கள், மாத்திரைப் பெட்டியை எங்கே ஒளித்து வைப்பது, யார் கண்ணில் படாமல் விழுங்குவது. இரண்டு வேளை தவறும். இரண்டு வருடமாக வராதது மணவறையிலோ மறுவீட்டிலோ வந்து நிற்கும், நோய் மோசமானதால் அல்ல, மறைத்ததால். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்றே தெரியாது. பின்னால் மறைத்ததையே காரணம் காட்டிக் கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு.

சொல்லுங்கள். தரகர் வழியாக வேண்டாம், நீங்களே மாப்பிள்ளையிடமும் அவர் பெற்றோரிடமும் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் மகளிடம் கேளுங்கள், அவள் உடம்பைப் பற்றிய செய்தி அது, அவளே சொல்ல ஆசைப்படலாம். வேண்டுமானால் டாக்டரை ஒருமுறை சேர்ந்து பார்க்க அழையுங்கள். மறுத்துவிட்டால் மனசு வலிக்கும்தான், ஆனாலும் இதைக் கேட்டு ஓடுகிற வீட்டில் உங்கள் பெண் போய் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிடுவதை நான் ஒருநாளும் சரியென்று சொல்ல மாட்டேன்.

பிள்ளைப்பேறு பற்றியும் கேட்பார்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைத்தான் பெறுகிறார்கள். கருவுறுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரையைச் சரிபார்த்து, ஃபோலிக் அமிலம் ஆரம்பிக்க வேண்டும். கருவுற்றது தெரிந்ததும் பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. உங்களுக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, வலிப்புள்ள தாய்மார்களைக் கருவுறும் முன்னிருந்தே கவனிப்பதற்காக 1998லேயே அங்கே தனிப் பதிவேடு ஆரம்பித்தார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பாலும் கொடுக்கலாம். ராத்திரிப் பாலுக்கு மட்டும் வேறு யாராவது எழுந்து உதவினால் அவள் தூக்கம் கெடாது.

கூடலூரிலிருந்து, தேனி மாவட்டம்: கணவருக்குக் குமுளியில் டாக்டர் எழுதிய மாத்திரை இங்கே கிடைப்பதில்லை, கடைக்காரர் வேறு கம்பெனி கொடுக்கிறார். அவர் வேறு, நல்லாத்தானே இருக்கிறேன் என்று விட்டு விட்டுச் சாப்பிடுகிறார். சனிக்கிழமை குடியும் உண்டு.

பதில்: மூன்று விஷயம் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றேதானா என்று முதலில் பாருங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர், கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. ஒன்றாக இருந்தாலும் மாதா மாதம் கம்பெனியை மாற்றிக்கொண்டிருப்பது வலிப்பு மருந்தில் நல்லதல்ல, டாக்டரிடம் சொல்லிக் கம்பத்தில் எப்போதும் கிடைப்பதாக ஒன்றை எழுதி வாங்குங்கள். செலவு தாங்கவில்லை என்றால் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள், அரசு மருத்துவமனைகளில் முக்கியமான வலிப்பு மாத்திரைகள் இலவசம். புது மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் திடீரென்று எரிந்து எரிந்து விழ ஆரம்பித்தாலும் சொல்லுங்கள், லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும்.

நன்றாக இருக்கிறார் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். குறைந்தது இரண்டு வருடம் வலிப்பே இல்லாமல் இருந்த பிறகு டாக்டர் பார்த்து மெதுவாகக் குறைப்பார், திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாகவே வந்துவிடும், அது உயிரை எடுக்கும். சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடி அந்தக் கணக்கையே கெடுக்கிறது. நிறையக் குடித்துவிட்டு நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வருவது தனியாகவே உண்டு. ஞாயிறு, திங்களில் வந்ததா என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள், அவருக்கே காட்டுங்கள்.

நெடுங்கண்டத்திலிருந்து ஒரு தம்பி: இரண்டு மருந்து மாற்றியும் மாதம் ஒரு வலிப்பு வருகிறது. மிளகு பறிக்க ஏணி ஏற வேண்டும், பைக்கும் ஓட்டுகிறேன். எனக்கு இனி வேலையே கிடையாதா?

பதில்: வேலை உண்டு தம்பி, ஏணி இப்போதைக்குக் கிடையாது. மரத்தில் சாய்த்து வைக்கும் அந்த ஒற்றை மூங்கில் ஏணியில் நல்ல உடம்புக்காரர்களே தவறி விழுகிறார்கள். காய் தரம் பிரிப்பது, உலர்த்துவது, எடை போடுவது, நாற்றங்கால் வேலை என்று தரையில் நின்று செய்வது எவ்வளவோ இருக்கிறது, மேஸ்திரியிடமோ முதலாளியிடமோ வெளிப்படையாகக் கேளுங்கள். பைக்கை இன்றைக்கே நிறுத்துங்கள், லைசென்ஸ் விண்ணப்பத்தோடு கொடுக்கும் உறுதிமொழியில் வலிப்பு உண்டா என்று கேட்பது எதிரில் வருகிறவர் உயிருக்காகவும்தான். ஓடையில் தனியாகக் குளிக்காதீர்கள், வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதீர்கள். உலகமே வியந்து பார்த்த தென்னாப்பிரிக்க ஃபீல்டர் ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு நோய் உண்டு. 1992 உலகக் கோப்பையில் பறந்து விழுந்து இன்சமாமை ரன் அவுட் செய்தாரே, அவர்தான்.

சரியான இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் மூன்றாவதை மாற்றி மாற்றிக் காலம் கடத்தக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரையில் 1995லிருந்து வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்து வருகிறார்கள், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, மூளையில் ஒரே இடத்தில் தொடங்கும் வலிப்பாக இருந்து, அந்த இடத்தை எடுத்தால் பேச்சோ நினைவோ கெடாது என்றால்தான் செய்வார்கள். இதுவரை எடுத்த ஸ்கேன், சாப்பிட்ட மாத்திரைகளின் சீட்டு, வலிப்பு வந்த தேதிகள், வீடியோ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அதுவரைக்கும் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. அதற்குக் கீழே மாத்திரையின் பெயர், அளவு, வீட்டு நம்பர். டாக்டர் எழுதிக் கொடுத்தால், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயும் கையில் வைத்திருங்கள், எப்போது எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைக் கூட வேலை செய்யும் இரண்டு பேருக்காவது காட்டிக் கொடுங்கள்.